பால் முறை

மஸ்கட் வழி
14-2-1979

அன்புள்ள மதினிக்கு ஜெயக்கொடி எழுதுவது. நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள், அண்ணன், உங்கள் தங்கப்பொண்ணு, என் மலையாண்டி எல்லாரும் சுகம் என்று ஒரு வரி வந்தால்தான் இங்கே எனக்குச் சோறு இறங்கும்.

மஸ்கட்டில் இறங்கி ஒரு பகல் முழுக்க ஜீப்பில் வந்தால் இந்த ஊர். ஊர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாலு சிமெண்டுக் கட்டடம், ஒரு பெட்ரோல் பங்க், ஒரு தண்ணீர்த் தொட்டி. மீதியெல்லாம் மணல். அந்த மணலுக்குள் பதூக்கள் என்கிற நாடோடி ஜனங்கள் ஒட்டகத்தையும் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு அலைகிறார்கள். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள். அதனால் ஆஸ்பத்திரி அவர்களைத் தேடிப் போகிறது. ஒரு வேன், ஒரு டாக்டர், நான், மரியம் என்று ஓர் ஆயா. மரியம் அவர்கள் பேச்சை உருதுவில் சொல்வாள். நான் மதுரை ஹாஸ்டலில் பொறுக்கிய இந்தியை வைத்துப் புரிந்துகொள்வேன். எப்படியோ ஓடுகிறது.

அவர்கள் கூடாரம் போடுவது எந்த மரத்தடியில் தெரியுமா? வன்னி மரம். நம் ஊர்க் கோயிலில் நிற்கிறதே, அதே வன்னி. பார்த்ததும் போய் அதைத் தொட்டுக்கொண்டு நின்றேன். மூணு மாசப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவளுக்கு மரத்தைப் பார்த்தாலும் அழுகை வரும் போலிருக்கிறது.

பால் டின் விஷயத்தில் கவனம். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றுங்கள். அளவுக் கரண்டியைத் தலை தட்டிப் போடுங்கள். மிச்சம் வைத்த பாலைத் திரும்பக் கொடுக்காதீர்கள்.

மதுரை ஸ்டேஷனில் அண்ணன் டீ வாங்கப் போயிருந்தபோது உங்கள் காதோடு சொன்னது ஞாபகம் இருக்கும். "டின் பாலை மட்டும் குடுங்க மதினி. ஒங்க பாலைக் குடுத்துராதீங்க. குடுத்தா அவன் ஒங்க பிள்ளையாயிருவான். அவுகளும் போயிட்டாக. இவனும் என்னைய மறந்துட்டா நான் யாருக்காகத் திரும்பி வாரது?" என்று அழுதேன். நீங்கள் ஒச்சாண்டம்மன் மேல் சத்தியம் செய்தீர்கள். அந்தச் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு வருடத்தையும் ஓட்டப் போகிறேன்.

நர்ஸ் டிரெய்னிங் முடிந்தபோது வெள்ளைத் தொப்பியோடு எடுத்த என் படத்தை அவனுக்குத் தினமும் காட்டுங்கள். அம்மா என்ற சொல்லை அதைக் காட்டியே பழக்குங்கள்.

உங்கள் கொழுந்தியாள்,
ஜெயக்கொடி


உசிலம்பட்டி
25-3-1979

பிரியமுள்ள கொடிக்கு மதினி ஒச்சம்மாள் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் ஆண்டவன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எனக்குக் கவலை.

உன் தண்ணீர் விவரமெல்லாம் படித்தேன். அந்த இடத்தை மட்டும் மடித்துக் காட்டினேன். உன் அண்ணன் வாய்விட்டு இரண்டு தடவை படித்து, "எம்புட்டு நுணுக்கமா எழுதியிருக்கா பாத்தியா, டாக்டரு தோத்தாரு" என்று தெருவுக்கே சொல்லிவிட்டார். டின்னெல்லாம் பரண்மேல் பத்திரமாக இருக்கிறது. அங்கிருந்து வேறு வாங்கி அனுப்பிச் சிரமப்படாதே.

உன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொண்டேன். பசி எடுக்கும்போதெல்லாம் காட்டுகிறேன்.

உன் அண்ணன் வேலை முடிந்து வந்ததும் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "எலே மாப்ள, மாமன் மகளை இப்பவே கட்டிக்கிறியா, இல்ல மீசை மொளச்ச பெறகா?" என்று கேட்கிறார். அவன் அவர் மேலேயே ஒன்றுக்குப் போகிறான். மாமனுக்கும் மருமகனுக்கும் அவ்வளவு பிரியம்.

போன புரட்டாசி நினைவுக்கு வருகிறது. நீயும் நானும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரே நேரத்தில் நிலைப்படி தாண்டப் பார்த்து இடித்துக்கொண்டு நின்றோமே. உன் புருஷன் போன துக்கத்தில் இருந்த நீ அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சிரித்தாய். அடுத்த மாதம் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தோம். இரண்டு தொட்டிலில் எது அழுதாலும் நம் இரண்டு பேருக்கும் விழிப்பு வந்துவிடும். இப்போது நான் ஒருத்தியே விழித்துக்கொள்கிறேன்.

அன்பு மதினி,
ஒச்சம்மாள்


மஸ்கட் வழி
20-5-1979

அன்புள்ள மதினிக்கு, சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. நம் உசிலம்பட்டி வெயிலைத் திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பதூப் பெண்கள் முகத்தில் கருநீலத் துணியில் முகமூடி போட்டிருப்பார்கள். கண்ணும் வாயும் மட்டும் தெரியும். போன வாரம் ஒரு தாய்க்குக் கண் சீழ் பிடித்திருந்தது. மருந்து விட வேண்டும் என்று முகமூடியைக் கழற்றச் சொன்னேன். மடியில் கிடந்த கைப்பிள்ளை அவள் முகத்தைப் பார்த்ததும் வீல் என்று அலறிவிட்டது. அதற்கு அந்தத் துணிதான் அம்மா. திரும்பப் போட்ட பிறகுதான் பால் குடித்தது. கூடாரத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இங்கே பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிள்ளை பெயரைச் சொல்லி, இன்னானுடைய தாய் என்பார்கள். தாய் என்பதற்கு உம்மு. என் பிள்ளை பெயரைக் கேட்டார்கள். அன்றிலிருந்து நான் உம்மு மலையாண்டி. அவர்கள் வாயில் அது உம்மு மலாய், உம்மு மல்லாண்டி என்று என்னவெல்லாமோ ஆகிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

பிள்ளைகளின் வயிற்றில் சூட்டுத் தழும்பு இருக்கிறது. மாந்தத்துக்குக் கம்பியைக் காய்ச்சி வைக்கிறார்கள். டாக்டர் கத்துகிறார். நான் சேலையை ஒதுக்கித் தொப்புளுக்குப் பக்கத்தில் உள்ள என் தழும்பைக் காட்டினேன். அதன் பிறகு என்னிடம் மட்டும் எதையும் மறைப்பதில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. நான் வைத்துவிட்டு வந்த டின் இத்தனை நாளில் தீர்ந்திருக்க வேண்டும். நீங்கள் பரணில் இருக்கிறது என்கிறீர்கள். எப்படி மிஞ்சும்? இங்கே பெண்கள் ஒரு டின் நிறைய நாள் வர வேண்டும் என்று தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கரைக்கிறார்கள். பிள்ளை எலும்பும் தோலுமாகக் கிடக்கிறது. மதினி, சிக்கனம் பிடிக்கிறேன் என்று என் பிள்ளை வயிற்றில் கை வைக்கிறீர்களா? நர்ஸாக இருந்து பார்த்தவள் சொல்கிறேன், அது பால் இல்லை, வெறும் வெள்ளைத் தண்ணீர். உண்மையை எழுதுங்கள்.

ஜெயக்கொடி


உசிலம்பட்டி
2-9-1979

ஜெயக்கொடிக்கு ஒச்சம்மாள் எழுதுவது. இங்கு சுகம். அங்கு சுகத்துக்குக் கடவுள் துணை.

உன் கடிதம் வந்து வெகுநாள் ஆயிற்று. வேலை இருந்தது. நீ படித்தவள். உனக்குப் பதில் எழுத எனக்குச் சொல் வரவில்லை. அதனால் உசிலம்பட்டி ஸ்டூடியோவில் இரண்டையும் உட்காரவைத்துப் படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். என் கணக்கு வழக்கு எதையும் நம்பாதே. உன் கண்ணால் பார்த்துக்கொள்.

இடது பக்கம் இருப்பது உன் மகன்.

ஒச்சம்மாள்


மஸ்கட் வழி
18-10-1979

என் அருமை மதினிக்கு, என்னை மன்னித்துவிடுங்கள். முதலில் அதை எழுதினால்தான் சுகம் விசாரிக்கக் கை வருகிறது. எல்லாரும் சுகம்தானே?

படத்தில் என் பிள்ளையைப் பார்த்தேன். கையில் மூன்று மடிப்பு. தாடைக்குக் கீழே இன்னொரு தாடை. தங்கப்பொண்ணை ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டு நாற்காலியில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்டு ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். உங்களையா சந்தேகப்பட்டேன்? என் நாக்கில்தான் சூடு வைக்க வேண்டும். படத்தை வேனில் வைத்திருக்கிறேன். போகிற கூடாரமெல்லாம் கை மாறிக் கை மாறி இப்போதே ஓரம் கசங்கிவிட்டது.

எனக்கு ஏன் அப்படிப் புத்தி போயிற்று என்று சொல்கிறேன். இந்த வெயில் காலத்தில் பிள்ளைகள் வரிசையாகப் போயின. முன்பெல்லாம் இவர்கள் தாய்ப்பாலும் ஒட்டகப் பாலும் கொடுத்துத்தான் வளர்த்தார்களாம். இப்போது பங்க் பக்கத்துக் கடையில் டின் பால் வந்துவிட்டது. ஒரு தாய் டின் மேல் போட்டிருக்கும் குண்டுப் பிள்ளையின் படத்தைக் காட்டி, "இவனை மாதிரி ஆகணும்னுதான் வாங்கினேன்" என்றாள். தண்ணீர் லாரியில் வந்து பழைய பெட்ரோல் டிரம்மில் நிற்கிறது. அடுப்பெரிக்கச் சுள்ளி கிடைக்காத இடத்தில் பாட்டிலைக் கொதிக்கவைக்க யாரால் முடியும்? மணலில் கிடந்து ஈ மொய்த்த பாட்டிலை எடுத்து அப்படியே வாயில் வைக்கிறார்கள். நான் உப்பு சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தேன். அந்தத் தாயின் பிள்ளை என் மடியில்தான் அடங்கியது. வன்னி மரத்துக்கு அந்தப் பக்கம் புதைத்தார்கள்.

அந்தத் தாய்க்குப் படிப்பில்லை. நான் படித்தவள். நானும் அதே குண்டுப் பிள்ளை படத்தைப் பார்த்துத்தான் மதுரையில் டின் வாங்கி உங்கள் கையில் கொடுத்தேன். உங்கள் கிணற்றுத் தண்ணீரை நம்பி, அதைவிட உங்கள் பாலுக்குப் பயந்து.

போதும் மதினி. அவனுக்கு ஒரு வயதாகப் போகிறது. டின்னையும் பாட்டிலையும் தூக்கிப் போடுங்கள். சோற்றைக் குழைய வடித்துப் பருப்புப் போட்டுப் பிசைந்து கொடுங்கள்.

ஜெயக்கொடி


உசிலம்பட்டி
10-12-1979

கொடிக்குப் பிரியமுடன் ஒச்சம்மாள். நாங்கள் சுகம். மழை நல்ல மழை. நீ சுகமாக இருந்து சுகமாக வந்து சேர வேண்டும்.

மன்னிப்பெல்லாம் எதற்கு? பிள்ளையைப் பிரிந்தவள் நாலு வார்த்தை கூடப் பேசத்தான் செய்வாள். அந்த அடங்கிப்போன பிள்ளையை நினைத்து நான் இங்கே அழுதேன். உன் அண்ணன் "யாருடி செத்தா?" என்று பதறிவிட்டார். யாரென்று சொல்வது?

மலையாண்டி நடக்கிறான். தங்கப்பொண்ணு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போகிறாள். இரண்டும் சேர்ந்து வெங்காயக் கூடையைக் கவிழ்ப்பதுதான் இப்போதைக்குத் தொழில். சோறு நன்றாகச் சாப்பிடுகிறான். உன் படத்தைக் காட்டாத நாள் இல்லை. அதன் கண்ணாடியில் எண்ணெய்க் கை பட்டுப் பட்டு உன் முகமே மங்கிவிட்டது. சாம்பல் போட்டுத் துடைத்தேன்.

முகமூடித் தாய் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவள் இப்போது நன்றாக இருக்கிறாளா?

மதினி,
ஒச்சம்மாள்


மஸ்கட் வழி
3-2-1980

அன்புள்ள மதினிக்கு, உம்மு மலையாண்டியின் வணக்கம். சுகமே. முகமூடித் தாய்க்குக் கண் தேறிவிட்டது.

இங்கே குளிர்காலம்தான் நல்ல காலம். கூடாரங்கள் பக்கத்துப் பக்கத்தில் வரும், கல்யாணம் நடக்கும். பெரியவர்களெல்லாம் தீயைச் சுற்றி உட்கார்ந்து பழைய காலத்து அலைச்சலைப் பேசுவார்கள். எந்தக் கிணற்றில் எந்த வருடம் தண்ணீர் இனித்தது, எந்த ஒட்டகம் மழையை மோந்து பிடித்தது என்று. அரசாங்கம் சிமெண்டு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது. அதில் ஆட்டைக் கட்டிவிட்டு இவர்கள் வெளியே மணலில் படுக்கிறார்கள். உள்ளே படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். எனக்கும் அவர்கள் பேசுவதைக் கேட்டால் ஹாஸ்டல் மொட்டை மாடி ஞாபகம் வந்துவிடுகிறது. பாதி புரியாது, ஆனாலும் ஏக்கம் புரிந்துவிடும்.

ஒரு கூத்தைச் சொல்கிறேன். ஸாலிம் என்ற பையனுக்கும் அவன் சித்தப்பா மகளுக்கும் கல்யாணம். (ஆமாம், சித்தப்பா மகள்தான். நம் ஊரில் சொன்னால் செருப்புப் பிய்யும். இங்கே அதுதான் முறை.) ஆடு வெந்துகொண்டிருக்கிறது. தூரத்துக் கூடாரத்திலிருந்து உம்மு ஸைத் என்ற பெரியம்மா வந்து இறங்கினாள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் உற்றுப் பார்த்தாள். "பஞ்சத்தில் இவனுக்கும் நான் பால் கொடுத்திருக்கிறேன், பின்னால் இவளுக்கும் கொடுத்திருக்கிறேன். இவர்கள் அண்ணன் தங்கை" என்றாள். அவ்வளவுதான். கல்யாணம் நின்றுவிட்டது. இவர்கள் சட்டத்தில் ஒருத்தியிடம் பால் குடித்தவர்கள் எல்லாம் கூடப் பிறந்தவர்கள். அவள் அவர்களுக்குத் தாய். சண்டை வரும் என்று பார்த்தேன். ஸாலிம் எழுந்து வந்து அந்தப் பெரியம்மாவின் நெற்றியில் முத்தமிட்டான். வெந்த ஆட்டை எல்லாரும் சாப்பிட்டோம்.

நல்லவேளை நம் ஊரில் அந்தச் சட்டம் இல்லை. நீங்களும் பால் கொடுக்கவில்லை. இரண்டு சட்டத்திலும் அண்ணன் ஆசைப்படி மாப்பிள்ளை தப்பித்தான்.

ஜெயக்கொடி


உசிலம்பட்டி
6-3-1980

கொடிக்கு ஒச்சம்மாள். சுகம். நீயும் சுகமாக இரு.

உன் கடிதம் இன்று காலைத் தபாலில் வந்தது. உடனே எழுதுகிறேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அந்த ஊர்ச் சட்டம் அவர்கள் சாமியைக் கும்பிடுகிறவர்களுக்கு மட்டும்தானா, பொதுவா? ஒரு வாய் கொடுத்தாலும் சேர்த்தியா? இத்தனை தடவை என்று உண்டா? பிள்ளை அழுகிறதே என்று மனசு கேட்காமல் கொடுத்தாலும் அப்படித்தானா? பெற்றவளுக்குத் தெரியாமல் கொடுத்திருந்தால்?

நம் பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் அவள் தங்கச்சி பிள்ளைக்குக் கொடுத்தாள். அவளுக்காகக் கேட்கிறேன். அந்த உம்மு ஸைத்திடமே விசாரித்து எழுது.

ஒச்சம்மாள்


மஸ்கட் வழி
28-4-1980

அன்புள்ள மதினிக்கு, சுகம். வெயில் திரும்பிவிட்டது, வேலை தலைக்கு மேல். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

சீனியம்மாளுக்கு என்ன வந்தது? தங்கச்சி பிள்ளையும் அக்கா பிள்ளையும் ஏற்கெனவே அண்ணன் தம்பிதானே! இருந்தாலும் கேட்டுவிட்டேன். ஐந்து தடவை வயிறு நிறையக் குடித்தால் தாய் தாய்தானாம். தெரிந்து கொடுத்தாலும் தெரியாமல் கொடுத்தாலும் பாலுக்குத் தெரியுமாம். சாமியைப் பற்றி உம்மு ஸைத் ஒன்றும் சொல்லவில்லை. "எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பசிதானே" என்றாள்.

என் ராஜா எப்படி இருக்கிறான்?

ஜெயக்கொடி


உசிலம்பட்டி
15-6-1980

அன்புத் தங்கச்சி ஜெயக்கொடிக்கு அண்ணன் கருத்தக்கண்ணன் எழுதும் கடிதம். நாங்கள் நலம். உன் நலத்துக்கு எழுது. நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். எழுத வைத்துவிட்டாள் உன் மதினி.

அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. சித்திரை கழிந்து உன் கடிதம் ஒன்று வந்ததிலிருந்து இந்தக் கூத்து. நான் மலையாண்டியை மாப்ள என்று கூப்பிடக் கூடாதாம். தங்கப்பொண்ணு அவனை மச்சான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதை மாற்றி, "அண்ணேன்னு சொல்லு, அண்ணே" என்று வாயில் அடித்துப் பழக்குகிறாள். அத்தை மகனை எவளாவது அண்ணன் என்பாளா? மந்தையில் எல்லார் முன்னாலும் இந்தச் சிறுக்கி "அண்ணே, அண்ணே" என்று ஓடுகிறது. ஊரே சிரிக்கிறது.

நான் சத்தம் போட்டேன். "ஏண்டி, ஏந் தங்கச்சி வீட்டுச் சம்பந்தம் ஒனக்கு வேணாமா? ரெண்டு வயசுக்குள்ள வேற மாப்ள பாத்துட்டியா?" என்றேன். இரண்டையும் இரண்டு பக்கம் அணைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுகிறாள். மருதைக்கு எங்காவது டாக்டரிடம் காட்டலாமா? நீ படித்தவள், சொல்லு. உன்னிடம் எழுதியதை அவளிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
கருத்தக்கண்ணன்


மஸ்கட் வழி
20-7-1980

மதினிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். வேறு யாரைவிடவும் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

அண்ணன் எழுதிய கடிதம் வேன் கிளம்புகிற நேரத்தில் வந்தது. வழியில் படித்தேன். அண்ணே என்ற அந்த ஒரு சொல்லில் எல்லாம் புரிந்துவிட்டது. சீனியம்மாள் யார் என்று புரிந்தது. டின் ஏன் தீரவில்லை என்று புரிந்தது. அந்த மூன்று மடிப்புக் கை எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

பொய் சொல்ல மாட்டேன், முதலில் கோபம்தான் வந்தது. சத்தியம் செய்தவள் இப்படிச் செய்தாளே என்று பல்லைக் கடித்தேன். அன்றைக்குப் போய் இறங்கிய கூடாரத்தில் ஒரு பிள்ளை. வயிற்றுப்போக்கு, கண் உள்ளே போய்விட்டது, பக்கத்தில் பாட்டில் கிடக்கிறது. மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மலையாண்டி முகம் போலவே இருந்தது. நான் சொன்னபடி நீங்கள் கேட்டிருந்தால் என் பிள்ளை இப்படித்தான் கிடந்திருப்பான் மதினி. நான் வாய்விட்டு அழுததில் அந்தப் பிள்ளையின் தாயே பயந்துபோய் என்னைத் தேற்றினாள். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது.

பிறகு உம்மு ஸைத்தைப் பார்த்தபோது கேட்டேன். "பால் கொடுத்தவள் தாய் என்றால் பெற்றவளுக்கு என்ன மிச்சம்?" மரியம் இரண்டு தடவை மாற்றி மாற்றிச் சொல்லியும் அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டு ஒரு கிண்ணம் ஒட்டகப் பாலை நீட்டினாள். குடித்தேன்.

ஒச்சாண்டம்மன் கோபிக்க மாட்டாள். அவளுக்கு ஒரு பொங்கலை நான் வந்து வைக்கிறேன். முறையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மச்சானா அண்ணனா என்று அதுகள் வளர்ந்து தீர்த்துக்கொள்ளட்டும். அண்ணனுக்கும் தனியாக எழுதிவிட்டேன்.

ஒன்றே ஒன்று. இத்தனை கடிதத்திலும் நான் கேட்காமல் விட்டது. கேட்கப் பயந்து விட்டது. அவன் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறான்? அம்மா என்றுதான் கூப்பிடுகிறான் என்றால் அப்படியே எழுதுங்கள். எனக்காக மறைக்க வேண்டாம். தாங்கிக்கொள்வேன்.

உங்கள்
கொடி


உசிலம்பட்டி
12-9-1980

என் கொடிக்கு,

நாங்கள் சுகம். நீ எழுதியதைப் படித்த பிறகுதான் உண்மையிலேயே சுகம்.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனை விட்டு வந்து உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறினோம். ஏறியதிலிருந்து அவன் அழுகை. பாட்டிலை வைத்தால் துப்புகிறான். முகமெல்லாம் கருத்துவிட்டது. பஸ்ஸில் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். "பிள்ளைக்குப் பாலக் குடு தாயி, என்ன கல்லு மனசு" என்று ஒரு அம்மா திட்டிவிட்டாள். நாகமலை புதுக்கோட்டை வருவதற்குள் முந்தானைக்குள் எடுத்துக்கொண்டேன். கப்பென்று அடங்கினான். நீ ஏறிய ரயில் அப்போது சமயநல்லூரைக்கூடத் தாண்டியிருக்காது. அதற்குள் உனக்குச் செய்த சத்தியத்தைத் தின்றுவிட்டேன். ஐந்து தடவை என்று நீ எழுதினாய். அது முதல் நாளே தாண்டிவிட்டது கொடி.

நீ வைத்துவிட்டுப் போன டின் ஒன்றுகூடத் திறக்கவில்லை. சிக்கனம் பிடிக்கிறாயா என்று நீ கேட்டபோது சொல்லிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். சொன்னால், பிள்ளை உன் கையை விட்டுப் போய்விட்டான் என்று நீ அங்கே ஒடிந்துவிடுவாய். திட்டு வாங்குவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

நீ பயந்து பயந்து கேட்டாயே, அதற்குப் பதில். அவன் என்னை அம்மா என்று ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை. நான் விடவில்லை. சத்தியத்தில் பாதியையாவது காப்பாற்ற வேண்டாமா? பால் கொடுக்கும்போதெல்லாம் உன் படத்தை என் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வேன். ஒரு கையில் அவன், ஒரு கையில் நீ. "இந்தா அம்மா, அம்மா பாலு" என்பேன். கை கடுக்கும், மாற்றிக்கொள்வேன். நீ முகமூடித் தாயைப் பற்றி எழுதியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனும் என் முகத்தைப் பார்த்துக் குடித்ததே இல்லை. உன் முகத்தைப் பார்த்துத்தான் குடித்தான். என்னை அத்தை என்பான்.

ஆனால் இதில் ஒரு தப்பு நடந்துபோயிற்று. இந்தப் பக்கம் அவன் குடிக்கும்போது அந்தப் பக்கம் தங்கப்பொண்ணும் குடிப்பாள் இல்லையா? அவளும் அதே படத்தைப் பார்த்தே வளர்ந்துவிட்டாள். அவளுக்கும் நீதான் அம்மா. நான் பெற்றவள் என்னை "அத்தே, அத்தே" என்கிறாள். உன் அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வேணும்டி ஒனக்கு" என்கிறார். எனக்கும் சில நேரம் சுருக்கென்றுதான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். என் மகனை நீ பெற்றாய், உன் மகளை நான் பெற்றேன் என்று வைத்துக்கொள்வோம்.

தைக்கு வரும்போது ஒன்று செய். சேலையில் வந்து இறங்கினால் இரண்டுக்கும் உன்னைத் தெரியாது. முகமூடி கழன்ற தாயைப் பார்த்த பிள்ளை மாதிரி அலறிவிடும். படத்தில் இருக்கிற அந்த வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கு. ஊர் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகிறது.

தொப்பியை மறந்துவிடாதே.

உன்
மதினி